கிட் கார் கட்டப் போகிறவர்களுக்கு: டோனர் காரில் தொடங்கி டெஸ்ட் வரை

கிட் கார் என்பது நாமே பூட்டிக் கட்டும் கார். அதன் சேஸிஸ், பாடி, மவுண்டிங்குகள் எல்லாம் தயாரிப்பாளரிடமிருந்து பெட்டிகளில் வரும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில், பிரேக், ஸ்டீயரிங், வயரிங் ஆகியவற்றை ஒரு பழைய காரிலிருந்து கழற்றி அதில் பூட்ட வேண்டும். அந்தப் பழைய காருக்குத்தான் டோனர் என்று பெயர். வாசகர்கள் கேட்டவற்றில், பணமும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: மாஸ்டா எம்எக்ஸ்-5 பாகங்களை வைத்துக் கட்டும் கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பழைய எம்எக்ஸ்-5 ஒன்று மலிவாக வருகிறது. காரை இப்போதே வாங்கிப் போட்டுவிட்டு, கிட்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் வாங்க வேண்டியது கிட்டின் அசெம்பிளி கையேடு. கிட்டை வாங்குவதற்கு முன்பே அதைத் தரச் சொல்லிக் கேளுங்கள். தர மறுக்கும் தயாரிப்பாளரிடம் கிட் வாங்குவதை ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். டோனரிலிருந்து என்னென்ன எடுக்க வேண்டும், எந்த வருட மாடல், எந்த எஞ்சின், ஏபிஎஸ் இருக்கலாமா கூடாதா, பவர் ஸ்டீயரிங்கா சாதா ஸ்டீயரிங்கா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

எம்எக்ஸ்-5 என்பது ஒரே கார் அல்ல. முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் எஞ்சின் காரில் உள்ள டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) சிறியது, 1.8 காரில் உள்ளது பெரியது, வலுவானது. ஆக்ஸில் ஷாஃப்ட்டும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் அதற்கேற்ப மாறும். ஒன்றிலிருந்து டிஃபரன்ஷியல், இன்னொன்றிலிருந்து ஷாஃப்ட் என்று கலந்து வாங்கினால் பொருந்தாது. இன்னொன்று: 1989 முதல் 1991 வரையிலான ஆரம்பகால 1.6 எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை சிறியது. கிராங்க் போல்ட் ஒருமுறை லூசாகிவிட்டால், புல்லி நழுவாமல் பிடிக்கும் சாவிக்காடி தேய்ந்து, கிராங்க்கே வீணாகும். கிராங்க் புல்லியை எட்டிப் பார்த்தால் அடையாளம் தெரியும்: நாலு காடி இருந்தால் பழைய சிறிய முனை, எட்டுக் காடி இருந்தால் மாற்றப்பட்ட பெரிய முனை.

ஆறு மாதம் ஓடாமல் நிற்கும் காரில் பிரேக் பிஸ்டன் இறுகும், கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் கெட்டுப்போகும். கிட்டுக்கு ஆர்டர் கொடுத்து, டெலிவரி தேதி தெரிந்த பிறகு டோனரை வாங்குங்கள். பதிவும் காப்பீடும் சரியாக இருந்தால் கிட் வரும்வரை அதை ஓட்டுங்கள். அந்தச் சில வாரங்களில் எந்த கியர் கரகரக்கிறது, சூட்டில் ஸ்டார்ட் ஆகிறதா, ஆயில் குடிக்கிறதா என்று தெரிந்துவிடும். எஞ்சினைக் கழற்றித் தரையில் வைத்த பிறகு இவற்றைக் கண்டுபிடிக்க வழியில்லை.

கேள்வி: டோனர் காரில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? துருப்பிடித்த காரைத் தள்ளிவிடலாமா?

பதில்: சாதாரணமாகப் பழைய கார் வாங்கும்போது பயப்படும் பல விஷயங்கள் இங்கே உங்களுக்குச் சாதகம். கதவுக்குக் கீழே உள்ள சில் பேனல், தரை, டிக்கி எல்லாம் துருப்பிடித்திருந்தால் கார் மலிவாகக் கிடைக்கும். அந்த பாடி உங்களுக்குத் தேவையே இல்லை. கூரையில் அடிபட்டது, கதவில் இடிபட்டது, உள்ளலங்காரம் கிழிந்தது எல்லாமே நல்ல டோனர்தான்.

சக்கரத்தில் அடி வாங்கிய காரை மட்டும் விட்டுவிடுங்கள். சஸ்பென்ஷன் ஆர்ம், ஹப், ஸ்டீயரிங் ராக் ஆகியவற்றில் சிறு வளைவு கண்ணுக்குத் தெரியாது; புதுக் காரில் பூட்டி அலைன்மென்ட் பார்க்கும்போதுதான் தெரியும். வெள்ளத்தில் மூழ்கிய காரை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கனெக்டர்களுக்குள் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். எங்கே கோளாறு என்று தேடியே காலம் போய்விடும்.

கார் ஓட வேண்டும், இது கண்டிப்பு. பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிரில் ஒருமுறை, 20 நிமிடம் ஓட்டிய பிறகு ஒருமுறை ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்றாவது, நாலாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போது பின்பக்கம் ஊளையிட்டால் டிஃபரன்ஷியல் தேய்ந்திருக்கிறது. நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து பாருங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட முக்கியம், நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது.

சாவியைக் கேளுங்கள், இருக்கும் எல்லாச் சாவிகளையும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள கார்களில் சாவி, எஞ்சின் கம்ப்யூட்டர், இம்மொபிலைசர் பெட்டி மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் பிடிக்கும். சிலவற்றில் மீட்டர் போர்டும் இந்தக் கூட்டில் சேரும். எஞ்சினை ஓரிடத்தில், கம்ப்யூட்டரை இன்னோரிடத்தில் வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முழுக் காராக வாங்குவது தனித்தனி உதிரியாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவாக முடிவதற்கும் இதுவே காரணம்: வயரிங், பிராக்கெட், ஸ்பெஷல் போல்ட், சென்சார் எல்லாம் கணக்கில் வராமலே கூட வருகின்றன.

பதிவுச் சான்றிலுள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் காரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: விளம்பரத்தில் போட்டிருக்கும் கிட் விலையில் என்னவெல்லாம் வராது?

பதில்: நிறைய. டயர், சக்கரம், சீட், சீட் பெல்ட், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், பெட்ரோல் டேங்க், ரோல் பார், விண்ட்ஸ்கிரீன், லைட்டுகள், பெயின்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, "இது உண்டா, இல்லையா" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கிட்டில் வருகிறதா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். டோனர் கார் ஏறக்குறைய 1000 கிலோ. அதன் பாகங்களை வைத்துக் கட்டும் லேசான கிட் கார் 600 முதல் 700 கிலோவுக்குள் நிற்கும். பழைய ஸ்பிரிங்கையே போட்டால் கார் தூக்கிக்கொண்டு நிற்கும், பள்ளத்தில் குதிக்கும்.

பலர் பட்ஜெட்டில் விட்டுவிடுவது சில்லறைச் செலவு: நைலான் நட்டு, போல்ட், ரிவெட், ஹோஸ் கிளிப், பிரேக் பைப், வயர், டெர்மினல், சீலன்ட், ஆயில்கள். மொத்தக் கணக்குப் போட்ட பிறகு அதில் கால் பங்கைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்வேன். வேலை நேரத்திலும் அதே எச்சரிக்கை. தயாரிப்பாளர் சொல்லும் மணிக்கணக்கு, சுத்தமான பாகங்கள் கையில் தயாராக இருக்கும்போது பூட்டுவதற்கானது. கழற்றுவது, துரு சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது அதில் சேராது. இரண்டு மடங்கு என்று திட்டமிடுங்கள்.

கேள்வி: டோனரின் பாகங்களில் எதை அப்படியே போடலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும்?

பதில்: இரும்பு வார்ப்புகளும் ஃபோர்ஜிங்குகளும் விரிசல், வளைவு இல்லாவிட்டால் இருக்கட்டும். ரப்பர் எதுவாக இருந்தாலும் மாற்றுங்கள்: பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், கூலன்ட் ஹோஸ், புஷ்கள் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் உறைகள்), பால் ஜாயின்ட் பூட். பெட்ரோல் ஹோஸ் வாங்கும்போது இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கானது என்று கேட்டு வாங்க வேண்டும். கார்புரேட்டர் எஞ்சினுக்கான ஹோஸ் அந்த அழுத்தத்தைத் தாங்காது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றை எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இவை விலையில் சின்னவை. கிளட்ச்சையோ பின்பக்க சீலையோ பிறகு மாற்ற வேண்டி வந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகைப் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தவே கூடாது; எவை என்று காரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும்.

கழற்றும்போது ஒவ்வொரு போல்ட்டையும் அது வந்த துளையிலேயே கையால் திருப்பி வைத்துவிடுங்கள். முடியாதவற்றை ஜிப் கவரில் போட்டு எழுதி ஒட்டுங்கள். ஏர்பேக் இருந்தால் பேட்டரியைக் கழற்றிக் குறைந்தது 10 நிமிடம் காத்திருந்து பிறகு தொடவும், கழற்றியதை முகம் மேலே பார்க்க வைக்கவும். ஏசி கேஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். ஏசி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். கார் ஓடும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது சுலபம்.

சஸ்பென்ஷனைப் பூட்டும்போது நடக்கும் பொதுவான தவறு ஒன்று. காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் உள்குழாயோடு ஒட்டப்பட்டது. கார் தரையில் இறங்கியதும் அது நிரந்தரமாக முறுக்கேறி நிற்கும், சில மாதத்தில் கிழியும். முதலில் கையால் மட்டும் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, ஓட்டுநர் எடையையும் ஏற்றி, உயரத்தைச் சரிசெய்த பிறகே டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

கேள்வி: கட்டி முடித்துவிட்டேன். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது. இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மின்னுகிறது. பேட்டரி புதிது. வயரிங் ஹார்னஸே கெட்டுவிட்டதா?

பதில்: ஹார்னஸைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். டோனர் காரின் பாடி முழுவதும் இரும்பு. லைட்டுக்குப் போன கரன்ட் அந்த பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பியது. கிட்டின் ஃபைபர் பாடியில் கரன்ட் ஓடாது. ஒவ்வொரு லைட்டுக்கும், ஹாரனுக்கும், பெட்ரோல் கேஜ் மிதவைக்கும் தனி எர்த் வயர் இழுத்துச் சேஸிஸில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கரன்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பும். ஒன்று எரியும்போது இன்னொன்றும் மின்னுவது அதனால்தான்.

ஸ்டார்ட்டர் சோம்பலும் பெரும்பாலும் எர்த் கோளாறாகவே இருக்கும். சேஸிஸில் பூசியிருக்கும் பவுடர் கோட்டிங் கரன்டைத் தடுக்கும். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் கோட்டிங்கைத் தேய்த்துப் பளபளக்கும் இரும்பு தெரிய வைத்து, இறுக்கிய பிறகு கிரீஸ் பூசுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த எர்த் கேபிள் ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாக வழிதேடும். கேபிள் சூடேறி உருகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை.

வயரிங்கைத் தொடங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்னஸை வெட்டிச் சுருக்குவதற்கு முன், முழுவதையும் தரையில் விரித்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு பவர் விண்டோ, ஏசி என்று ஒவ்வொரு சர்க்யூட்டாக எடுங்கள். ஒன்றை எடுத்ததும் மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் கடைசியாக எதை எடுத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: டோனரின் பிரேக்குகள் 1000 கிலோ காரை நிறுத்தியவை. லேசான காருக்குத் தாராளமாகப் போதும்தானே?

பதில்: பலம் போதும், பங்கீடுதான் பிரச்சினை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாயும். எடையும் அதன் உயரமும் மாறினால் முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கும் மாறும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். சரிசெய்யக்கூடிய பயஸ் வால்வு (பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு) வைத்து, ஆளில்லாத இடத்தில், முன்சக்கரம் முதலில் பூட்டும்வரை திருத்துங்கள். பெடல் மிதியைப் பெருக்கித் தரும் பூஸ்டரை எடுத்துவிட்ட கிட்டில் மாஸ்டர் சிலிண்டரும் மாற வேண்டும்: சின்ன துளை அதிக அழுத்தம் தரும், பெடல் அதிக தூரம் போகும்.

கேள்வி: ஒருவர் பாதியில் விட்ட கிட்டை விற்கிறார். வாங்கலாமா?

பதில்: பெட்டிகளின் பட்டியல் கையில் இருந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க அவர் அனுமதித்தால் யோசிக்கலாம். தயாரிப்பாளர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா, காணாமல் போன பிராக்கெட் கிடைக்குமா, டோனரின் பதிவுச் சான்று யாரிடம் என்று கேளுங்கள். சேஸிஸின் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப்பால் அளந்தால் 2, 3 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும். கிரைண்டர் போட்டு வழவழப்பாக்கிய வெல்டிங்கைச் சந்தேகியுங்கள். மழுப்பத் தேவையில்லாத வெல்டிங்கை யாரும் தேய்ப்பதில்லை. அவர் பூட்டி முடித்த பாகங்களையும் அவிழ்த்து நீங்களே மறுபடி பூட்ட வேண்டும் என்று கணக்கிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: பதிவு செய்வது கடைசி வேலைதானே? காரை முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: இல்லை, அதுதான் முதல் வேலை. வீட்டில் கட்டிய காரைச் சாலைக்கு அனுமதிக்கும் விதி நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் வழியே இல்லாமலும் இருக்கலாம். கையேடு வாங்கும் முன்பே பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பிரிட்டனில் ஒவ்வொரு காரையும் தனித்தனியாகச் சோதிக்கும் ஐவிஏ தேர்வு இருக்கிறது. அங்கே காரின் வெளிப்பக்கம் ஆள்மேல் படக்கூடிய முனைகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். கூர்மையான ஒரு பிராக்கெட், மூடி போடாத ஒரு போல்ட் முனை போதும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டும்போதே இதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு அரை மணி நேர வேலை. முடித்த பிறகு தெரிந்தால் பெயின்ட் அடித்ததைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு படம் எடுத்து, எல்லா ரசீதுகளையும் கோப்பில் போட்டு வையுங்கள். பதிவுக்கும் காப்பீட்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள். டோனரின் காலி பாடியையும் கார் பதிவாகும்வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதில் இருக்கும் சேஸிஸ் எண்ணை ஆய்வாளர் நேரில் பார்க்கக் கேட்கலாம், நீங்கள் மறந்த ஒரு பிராக்கெட்டும் அதில்தான் இருக்கும்.