சைக்கிள் பந்தயத்தில் ஜெயிப்பது ஒருவர்தானே, மற்ற ஏழு பேர் எதற்கு ஓட்டுகிறார்கள்?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: வரலாற்றில் நிற்பது ஜெயித்தவர் பெயர் மட்டுமே, அப்படியிருக்க அணியில் மீதி ஏழு பேர் எதற்கு? ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தே அவர்கள் எப்படி உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள்? பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது.

நீங்கள் மூன்று வாரம் நடக்கிற டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் மலை ஸ்டேஜ் ஒன்றை (ஸ்டேஜ் என்றால் ஒரு நாள் ஓட்டம்) இப்போதுதான் முதல்முறையாக டிவியில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே நிற ஜெர்சியில் ஏழெட்டுப் பேர் மணிக்கணக்கில் முன்னால் நின்று ஓட்டுகிறார்கள். கடைசி ஏற்றத்தில் ஒவ்வொருவராகக் கழன்று பின்னால் போய்விடுகிறார்கள். அணித்தலைவர் தனியாகப் போய் முடிவுக்கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்துகிறார். கேமரா கழன்று போனவர்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் கேள்வியில் இருக்கிற அந்தப் பரிதாபம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் தொழில்முறை வீரன் இல்லை. ஆனால் அமெச்சூர் ரோடு ரேஸ்களில் பல ஆண்டுகளாக அந்த ஏழு பேர் செய்கிற வேலையைத்தான் செய்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் காற்று. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நம் கால் கொடுக்கிற சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் அதற்குத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். 2018இல் காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளோக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட பெலட்டானை, அதாவது நெருக்கமாக ஓட்டிப் போகும் பெருங்கூட்டத்தை, ஆராய்ந்தபோது, நடுவிலும் பின்பகுதியிலும் பாதுகாப்பாக ஒளிந்திருப்பவருக்கு, தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றுத்தடையில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே இருப்பதாகக் கண்டார்கள். ஆக, தலைவர் 200 கிலோமீட்டர் வந்து கடைசி ஐந்து கிலோமீட்டரில் பாய்கிறார் என்றால், அந்த 195 கிலோமீட்டருக்கும் அவருக்குப் பதிலாக யாரோ காற்றைத் தாங்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் 1934 டூர் படத்தைக் காட்டுவார்கள். ரெனே வியெட்டோ என்ற இருபது வயதுப் பையன், தன் முன்சக்கரத்தைக் கழற்றி அணித்தலைவர் அந்தோனின் மாஞ்ஞுக்குக் கொடுத்துவிட்டு, சக்கரமில்லாத சைக்கிளோடு சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுகிற படம். அந்த டூரை மாஞ்ஞு ஜெயித்தார். உருக்கமான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் உதவி வீரர் என்றாலே இந்த ஒரு படம்தான் என்று ஆகிவிட்டது, அதுதான் என் வருத்தம். நான் காட்ட விரும்புவது 2022 டூரில் ஹோட்டாகாம் மலையேற்றம். வவுட் வான் ஆர்ட் காலையிலிருந்து பிரேக்அவேயில், அதாவது பெலட்டானை விட்டுப் பிரிந்து போன சிறு கூட்டத்தில், முன்னால் இருந்தார். பின்னாலிருந்து தன் தலைவர் விங்கேகோர் வந்து சேர்ந்ததும், புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சி போட்ட அந்த ஸ்பிரிண்டர் (கடைசிப் பாய்ச்சலில் வல்லவர்) மலையில் முன்னால் நின்று இழுத்த இழுப்பில், முக்கியப் போட்டியாளரான பொகாச்சாரே கழன்றார். விங்கேகோர் ஜெயித்தார், அந்த டூரையும் வென்றார். வான் ஆர்ட் மூன்றாவதாக வந்தார். அவர் முகத்தில் அழுகையைத் தேடினாலும் கிடைக்காது.

இனி என் கதை. அது ஒரு நாள் நடக்கும் அமெச்சூர் ரோடு ரேஸ். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பெரும்பாலும் சமதளம், திறந்த வெளி, பக்கக்காற்று. எங்கள் அணியில் ஐந்து பேர். அதில் ஒருவன் நல்ல ஸ்பிரிண்டர். கடைசி 200 மீட்டரில் அவன் எழுந்து நின்று பெடலை மிதித்தால் அந்த வட்டாரத்தில் அவனைத் தாண்ட ஆளில்லை. ஆனால் கடைசி 200 மீட்டர் வரும்போது அவன் முதல் கூட்டத்தில் இருக்க வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் யாரும் இருக்கவும் கூடாது.

அன்று நான்கு பேர் ஆரம்பத்திலேயே கிளம்பிவிட்டார்கள். நால்வரும் வெவ்வேறு அணி, ஒருவர் மிக வலுவானவர். 40 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்தவர் பலகையைக் காட்டினார்: இடைவெளி மூன்று நிமிடம். பெலட்டானில் யாரும் அசையவில்லை. முன்னால் ஆள் வைத்திருக்கிற அணிகள் துரத்தாது. மற்றவர்களுக்கு, துரத்தினால் எங்கள் ஸ்பிரிண்டருக்குத்தான் லாபம் என்பது தெரியும். எனவே வேலை எங்களுடையது. எங்களில் மூத்தவர் என் பக்கத்தில் வந்து, "தம்பி, இப்பவே ஆரம்பிச்சாதான் உண்டு" என்றார். மூன்று பேர் முன்னால் போனோம். இன்னொருவன் ஸ்பிரிண்டரோடு தங்கி, அவனைக் காற்றிலிருந்து மறைத்தபடி வந்தான்.

தனியாகப் போகிறவரை பெலட்டான் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வீதம் பிடிக்கும் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ரோபேர் ஷபாத் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் பெயரில் வழங்குவது. எங்களுக்கு அது அப்படியே பொருந்தாது, முன்னால் இருப்பது நான்கு பேர். ஆனால் அவர்கள் காலையிலிருந்து காற்றில் இருக்கிறார்கள். கோடு நெருங்க நெருங்க ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு, இழுப்பதைக் குறைப்பார்கள். அந்த நேரத்தில் இடைவெளி ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று பேர் தலையைக் குனிந்து ஓட்டுவதுதான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. பக்கக்காற்று இடமிருந்து வந்தால் பின்னால் இருப்பவர் வலப்பக்கம் சற்றுத் தள்ளி ஒளிய வேண்டும். சாலை வளைந்தால் எல்லாம் மாறும். முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் வீரம் மாதிரித் தெரியும், ஆனால் அடுத்த முறை வரும்போது கால் இருக்காது. முழங்கையை லேசாக ஆட்டினால் "நீ வா" என்று அர்த்தம். விலகும்போது வேகத்தைக் குறைக்கக்கூடாது. பின்னால் வருகிறவர் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட வேகத்தை அதிகமாக்கிவிடக்கூடாது, ஒரே ஒரு திடீர் இழுப்பு போதும், மூன்றாவது ஆள் கழன்றுவிடுவார். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, சீக்கிரம் பிடித்துவிடாமல் இருப்பது. 20 கிலோமீட்டர் இருக்கும்போதே பிடித்துவிட்டால் புதிதாக நான்கு பேர் கிளம்புவார்கள், மறுபடி துரத்த எங்களிடம் ஆள் இருக்காது. எனவே அவர்களைக் கண்ணில் படுகிற தூரத்தில் தொங்கவிட வேண்டும்.

20 கிலோமீட்டர் இருக்கும்போது எங்கள் மூன்றாவது ஆள் முடிந்துவிட்டான். கடைசி பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு விலகினான். அப்புறம் நானும் மூத்தவரும்தான். நேர்ச்சாலையில் அந்த நான்கு பேரும் தெரிய ஆரம்பித்தார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்தார், இன்னொருவர் முன்னால் வர மறுத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை ஜெயித்தவர்கள்கூட அனுபவித்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் பிரிகிறார்கள் என்றால் எங்கள் வேலை பலித்துவிட்டது. ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது பிடித்தோம். நான் இன்னும் ஒரு கிலோமீட்டர் இழுத்தேன், யாரும் தாவிவிடக்கூடாது என்று. பிறகு கால் நின்றுவிட்டது. ஓரம் விலகினேன். மொத்தக் கூட்டமும் சங்கிலிச் சத்தத்தோடு என்னைத் தாண்டிப் போனது. போகிற போக்கில் எங்கள் ஸ்பிரிண்டர் என் முதுகில் கை வைத்தான்.

அவன் ஜெயித்தான். மோட்டார் சைக்கிள்காரர் திரும்பி வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ரேஸ் கூட்டமாக முடியுமா, நான்கு பேரில் ஒருவர் தனியாகப் போய் முடிப்பாரா என்பதை அன்று நிர்ணயித்தவர்கள் நாங்கள் மூன்று பேர். ஸ்பிரிண்டர் செய்தது அற்புதமான வேலை, ஆனால் அது பத்துப் பன்னிரண்டு வினாடி வேலை. ரேஸை அந்த வினாடிகளுக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்கள். கட்டிய கொத்தனார் பெயர் வீட்டு வாசலில் இருக்காது, அதற்காகக் கொத்தனாரைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை.

"ஜெயிக்கத் திறமை இல்லாதவர் சொல்கிற சமாதானம் இது" என்று கமெண்டில் எழுத ஆள் வருவார்கள், தெரியும். என் உடம்பு முக்கால் மணி நேரம் ஒரே சீராக வேலை செய்யும். பத்து வினாடி வெடிப்பு அதில் இல்லை, எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஓரளவுக்கு மேல் வராது. அது தசையின் அமைப்பு. எங்கள் ஸ்பிரிண்டரை நாற்பது நிமிடம் காற்றில் இழுக்கச் சொன்னால் அவனாலும் முடியாது. வேலைகள் வேறு, அவ்வளவுதான். சந்தேகம் இருப்பவர்கள் ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமனைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓட்டியவர், 2016இல் கை எலும்பு முறிந்த சில வாரங்களில் பாரிஸ்-ரூபே என்ற ஒருநாள் பந்தயத்துக்கு வந்து, நட்சத்திர வீரர் டாம் பூனனையே ஸ்பிரிண்டில் வென்றார். உதவி வீரர் என்றால் பலவீனமானவர் என்பது வெறும் நினைப்பு.

"காசுக்காக ஓட்டுகிறார்கள்" என்பது அடுத்தது. தொழில்முறையில் சம்பளம் உண்டு, பரிசுப் பணத்தை அணிக்குள் பங்கிட்டுக்கொள்கிற வழக்கமும் உண்டு. ஆனால் எங்களுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

இன்னும் சிலர் அன்னா கீசன்ஹோஃபரைக் காட்டுவார்கள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், தொழில்முறை ஒப்பந்தம்கூட இல்லாமல், ஆஸ்திரியாவின் ஒரே வீராங்கனையாகத் தனியே வந்து, டோக்கியோ ஒலிம்பிக் ரோடு ரேஸில் தங்கம் வென்றார். எனக்கும் மிகப் பிடித்த வெற்றி அது. ஆனால் பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். நெதர்லாந்து அணியின் நான்கு பேரும் ஜெயிக்கக்கூடிய தலைவர்கள், ஒலிம்பிக்கில் அணியோடு பேச ரேடியோவும் கிடையாது. யாரும் முழுமூச்சாகத் துரத்தவில்லை. கீசன்ஹோஃபர் 75 வினாடி முன்னதாகவே முடித்தது தெரியாமல், இரண்டாவதாக வந்த நெதர்லாந்தின் வான் வ்லூட்டன் தானே ஜெயித்ததாக நினைத்துக் கையைத் தூக்கினார். துரத்துகிற வேலையை யாரும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. அன்று நான் மெதுவாக ஓட்டிக்கொண்டு கோட்டுக்கு வந்தபோது முடிவுக்கோட்டு அலங்கார வளைவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நேரம் பதிவு செய்கிற விரிப்பைச் சுருட்டிவிட்டார்கள். விதிமுறையில் எழுதியிருந்த நேரத்துக்கு இன்னும் நிறையவே இருந்தது. முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே "முடிக்கவில்லை". எனக்குப் பின்னால் வந்தவர்களில் முதல் ரேஸ் ஓட்டிய ஒரு பெண்ணும் இருந்தார், அவருக்கும் அதே. கேட்டதற்கு, முதல் மூவருக்குப் பரிசு கொடுத்தாகிவிட்டது, இனி யாருக்கு என்ன அவசரம் என்றார்கள். அமைப்பாளர் பெயர் வேண்டாம், பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

டூரில் கடுமையான காலக்கெடு உண்டு. ஆனால் அது ஜெயித்தவரின் நேரத்திலிருந்து, ஸ்டேஜின் கடினத்தையும் சராசரி வேகத்தையும் பார்த்து, முன்பே அறிவித்த சதவீதப்படி கணக்கிடப்படுவது. அதற்குள் வருகிற கடைசி ஆள்வரை கோடு அங்கேயே இருக்கும். 2024 டூரின் முதல் ஸ்டேஜில், ரிமினி போகிற வழியில், ஸ்பிரிண்டர் மார்க் கேவென்டிஷ் வெயிலில் வாந்தியெடுத்துப் பின்தங்கினார். அணியினர் அவரைச் சுற்றியே நின்று, கெடு முடிவதற்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து ஐந்தாவது ஸ்டேஜில் அவர் தன் 35ஆவது டூர் ஸ்டேஜ் வெற்றியைப் பெற்று எடி மெர்க்ஸின் சாதனையை முறியடித்தார். முதல் நாள் விரிப்பைச் சீக்கிரம் சுருட்டியிருந்தால் அந்தச் சாதனையே கிடையாது.

இதைப் படித்து நீங்களே ஒரு அமெச்சூர் ரேஸில் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால், தாராளமாக வாருங்கள், வலுவில்லாத கால் என்று தயங்க வேண்டாம், அணியில் எல்லா வகைக் காலுக்கும் வேலை உண்டு. பெயர் கொடுப்பதற்கு முன், கோடு எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.