சிங்க் மூலையில் விழுந்த கோடு
வாசகர் கேள்வி–பதில்: வீடும் கட்டுமானமும்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு தக்கலைக்கு அருகில் உள்ளது. பழைய அடுக்களை மேடையைப் புதுப்பித்து, கான்கிரீட் தட்டின் மேல் கருப்பு கிரானைட் பதிக்கும் வேலையை ஓர் ஒப்பந்ததாரரிடம் கொடுத்தோம். சில வாரங்களிலேயே சிங்கின் முன்மூலையிலிருந்து மேடை விளிம்பு வரை மயிரிழை போல ஒரு கோடு விழுந்துள்ளது. பாத்திரம் கழுவும்போது சிந்தும் தண்ணீரும் சிங்குக்குள் வடியாமல் சுவரோரம் தேங்குகிறது. ‘கோடு கல்லின் இயற்கையான ரேகைதான்’ என்று சொல்லி அவர் மீதிப் பணத்தைக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— தக்கலை வாசகி

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம், அம்மா. அதே சமயம், தரமாட்டோம் என்று முறித்துப் பேசவும் வேண்டாம். குறையைச் சரிசெய்ய வேண்டியவர் அவர்தான் என்பதால் அவர் திரும்பி வருவது உங்களுக்கே நல்லது.

முதலில் அந்தக் கோடு ரேகையா, விரிசலா என்று பாருங்கள். நகத்தால் குறுக்கே வருடினால் ரேகை தட்டுப்படாது. விரிசலில் நகம் சிக்கும், சில நேரம் ஒரு பக்கம் மற்றொன்றைவிட உயர்ந்தும் இருக்கும். அந்த இடத்தை நனைத்துத் துடைத்தால், சுற்றிலும் கல் காய்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நிற்பது விரிசலுக்கு இன்னோர் அடையாளம். பிறகு சிங்கின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கல்லின் அடிப்பக்கத்திலும் அதே கோடு தெரிந்தால் கல் முழுத் தடிமனுக்கும் பிளந்திருக்கிறது. அதன்பின் ரேகை என்ற பேச்சுக்கு இடமில்லை.

நீங்கள் சொல்லும் இடத்தைப் பார்த்தால் அது விரிசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிரானைட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. சிங்குக்காகக் கல்லை வெட்டும்போது மூலைகளைச் சிறிது வளைவாக எடுக்காமல் செங்கோணமாக வெட்டிவிட்டால், பாரம் முழுவதும் அந்த மூலையில் குவிந்து, விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். இதைவிடப் பெரிய குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: சிங்க் எளிதாக இறங்க வேண்டும் என்பதற்காகக் கான்கிரீட் தட்டில் திறப்பைத் தேவைக்கு மேல் பெரிதாக எடுத்துவிடுகிறார்கள். அப்போது சிங்குக்கு முன்னால் உள்ள குறுகிய கல்பட்டைக்கு அடியில் ஆதாரமே இருக்காது. 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை கொண்டது. அதன் மேல் தண்ணீர் நிறைந்த குட்டுவத்தை (பெரிய பாத்திரத்தை) வைத்து, நாமும் சாய்ந்து நின்று மீன் கழுவுகிறோம். அடியில் கையை விட்டுப் பாருங்கள்; அந்தப் பட்டை அந்தரத்தில் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. மேடை முழுவதையும் நாணயத்தால் தட்டியும் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடங்களில் சாந்துக்கும் கல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது.

ஆகவே, விரிசலில் நிறம் கலந்த எபாக்ஸி என்ற பிசினைப் பூசி மெருகேற்றித் தருகிறேன் என்று அவர் சொன்னால், அதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அடியில் துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் கொடுத்துத் தாங்கிய பிறகே பூச்சுக்குப் பொருள் உண்டு. கல் முழுதும் பிளந்திருந்தால், சிங்கைச் சுற்றிய துண்டை மட்டும் மாற்றக் கேளுங்கள். மேடை முழுவதையும் பெயர்த்தால் நன்றாக இருக்கும் கற்களும் உடையக்கூடும்.

தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் கல் பின்பக்கம் சாய்ந்து அமர்ந்திருப்பது. சாய்வைக் காட்டும் ரசமட்டக் கருவியை வைத்தால் உடனே தெரியும். இதைச் சிறு குறையாக எண்ண வேண்டாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் என இரண்டுமே பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சுவர் காயவே நாளாகும். தேங்கும் தண்ணீர் சுவரோர இணைப்பு வழியே இறங்கி, கீழே உள்ள பலகைக் கதவுகளை உப்பச் செய்யும். அந்த இணைப்பில் சிமென்ட் பூசினால் வெடித்துவிடும். சிலிக்கான் பசைதான் வேண்டும். ஆனால் சாய்வைத் திருத்தாமல் பசையை மட்டும் பூசுவதால் பயனில்லை.

குறைகளைப் படமெடுத்து, செய்ய வேண்டிய திருத்தங்களையும் முடிக்க வேண்டிய தேதியையும் எழுதி வாட்ஸ்ஆப்பிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். திருத்தம் முடிந்ததும் மீதிப் பணம் தரப்படும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். கூலி வாங்கிச் செய்யும் இந்த வேலை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. அவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும்.

கேள்வி: புதிய மேடைக்கு கிரானைட், குவார்ட்ஸ், கடப்பைக் கல் ஆகியவற்றில் எது நல்லது?
— குளச்சல் வாசகர்

பதில்: குடம்புளி போட்டு மீன் குழம்பு வைக்கும் வீட்டுக்கு அடர்நிற கிரானைட்டையே சொல்வேன். கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகை. புளியின் அமிலம் பட்ட இடத்தில் அதன் மெருகு போய்விடும். குவார்ட்ஸ் பலகை கல்பொடியைப் பிசினால் பிணைத்துச் செய்யப்படுவது. சூடான சட்டியை நேரடியாக இறக்கி வைத்தால் பிசின் கருகி நிரந்தரக் கறையாகும். வாங்கும் முன் கல்லின் மேல் சில துளி நீர்விட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்தால் கல் எண்ணெயையும் உறிஞ்சும், அதற்குப் பாதுகாப்புப் பூச்சு தேவை.

கல்லைவிட உயரத்துக்கே நான் அதிக முக்கியத்துவம் தருவேன். அன்றாடம் சமைப்பவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே கல்லின் மேல்மட்டம் வருமாறு கொத்தனாரிடம் சுவரில் கோடு போடச் சொல்லுங்கள்.