சம்மதத்தோடு நடக்கும் ஆதிக்க–அடிபணிதல் உறவுகளைத் திரைப்படங்கள் சரியாகக் காட்டுகின்றனவா?

பெயரை மறைத்துத்தான் எழுதுகிறேன். நானும் என் கணவரும் 11 ஆண்டுகளாக இப்படியோர் உறவில் இருக்கிறோம். ஆணையிடுபவள் நான், அடிபணிபவர் அவர். இந்த வட்டத்துப் பேச்சில் சொன்னால் நான் டாம், அவர் சப்.

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். படங்களில் வருவதுதான் உண்மையா? ஒன்றுமே தெரியாதவர் எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம்? முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுகிறேன்: கட்டுவதையும் அடிப்பதையும் படங்கள் காட்டிவிடுகின்றன, கேட்பதைத்தான் விட்டுவிடுகின்றன. வேணுமா, வேண்டாமா, இப்ப எப்படி இருக்கு, போதுமா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் இந்த உறவின் முக்கால்வாசி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒருவர் இன்னொருவரைப் படுத்தும் பாடு மட்டுமே.

போன மாதம் ஓர் இரவு. அவர் மண்டியிட்டிருக்கிறார், கைகள் பின்னால் கட்டியிருக்கின்றன. நான் அவரைச் சுற்றி நடந்தபடி கறாரான குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். “மஞ்சள்” என்றார். அந்த நொடியே என் குரல் மாறிவிட்டது. “என்னாச்சு?” “கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு.” கட்டை அவிழ்த்து, காலை நீட்டச் சொல்லி, பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பிடித்து இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டேன். “தொடரலாமா?” “தொடரலாம், மண்டி மட்டும் வேண்டாம்.” மறுபடி ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் மஞ்சள் என்றால் ஏதோ சரியில்லை, கவனி. சிவப்பு என்றால் எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும், காரணம்கூடக் கேட்கக் கூடாது. உலகம் முழுக்கப் பலரும் பின்பற்றுகிற போக்குவரத்து விளக்கு முறைதான் இது. இந்த மாதிரி இரண்டு நிமிடத்தை, காலைத் தேய்த்துவிட்டுத் தொடர்கிற ஒரு டாமை, நான் பார்த்த படங்களில் எங்கும் பார்த்ததில்லை.

உடனே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2015இல் வந்த ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’. அதைத் திட்டுவது சுலபம், எங்கள் வட்டத்தில் திட்டாதவர்களே இல்லை. ஆனால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாயகி அனஸ்டேசியாவும் அவளைத் தன் சப்பாக இருக்கக் கேட்கும் கிறிஸ்டியனும் நீளமான மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்து, எதைச் செய்யலாம் எதைக் கூடாது என்ற ஒப்பந்தத்தை வரிவரியாகப் பேசுகிற காட்சி உண்மையாகவே நன்றாக இருக்கிறது. இது வேண்டாம், இதையும் அடியுங்கள் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் குறித்துக்கொள்கிறான். அந்தக் காட்சியில் அதிகாரம் அவள் கையில்தான் இருக்கிறது, அவள் முகத்திலேயே அது தெரிகிறது. படத்தின் கடைசிவரை அவள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் இல்லை.

சிக்கல் அந்த அறைக்கு வெளியே இருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய பழைய காரை விற்றுவிட்டுப் புதுக்காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். யோசிக்கக் கொஞ்சம் இடம் வேண்டும் என்று அவள் அம்மா வீட்டுக்குப் போனால், சொல்லாமல் கொள்ளாமல் அங்கேயும் வந்து நிற்கிறான். படுக்கையறையில் எதைச் செய்யலாம் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பவன், அவள் வாழ்க்கையில் எதற்கும் அனுமதி கேட்பதில்லை. படமோ இதைக் காதல் என்று இசை போட்டுக் காட்டுகிறது. என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் ஆபத்தான காட்சிகள் சாட்டை வருகிறவை அல்ல, கார் வருகிற காட்சிதான். கடைசியில் அவன் பெல்ட்டால் 6 முறை அடிக்கிறான், அவள் அழுதுகொண்டே எண்ணுகிறாள், சேஃப்வேர்டை, அதாவது சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய அந்த வார்த்தையை, சொல்லவே இல்லை. அவள் குரல் உடைவதைக் கேட்டும் நிறுத்தாதவனை நான் டாம் என்று சொல்ல மாட்டேன். புதிதாக வருபவர்களுக்கு வாய் அடைத்துப்போகும், அந்த வார்த்தை வெளியே வராது. அது தெரிந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது அடிப்பவருடைய பொறுப்பு.

ஒப்பந்தம் என்பது ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ கதாசிரியரின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வலியிலும் அடிபணிவதிலும் இன்பம் காண்பதைக் குறிக்கும் மசாக்கிசம் என்ற சொல்லே யாருடைய பெயரிலிருந்து வந்ததோ அந்த எழுத்தாளர் சாஹெர்-மசோக், 1869இல் ஃபேனி பிஸ்டர் என்ற பெண்ணோடு 6 மாதத்துக்கு அடிமையாக இருக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு அதில் மிகவும் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு: தினமும் 6 மணி நேரம் அவருடைய எழுத்து வேலைக்கு அந்தப் பெண் விட்டுவிட வேண்டும். முழுவதுமாக ஒப்படைக்கிறேன் என்று எழுதுகிற மனிதர், அதே தாளில் தன் எல்லையையும் எழுதி வைக்கிறார்.

எழுதிக் கொடுத்ததாலேயே எல்லாம் சம்மதமாகிவிடாது என்பதை ஹானெகே இயக்கிய ‘தி பியானோ டீச்சர்’ (2001) காட்டுகிற அளவுக்கு வேறெந்தப் படமும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பியானோ ஆசிரியை எரிக்கா, தனக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று மாணவன் வால்ட்டருக்கு நீண்ட கடிதம் எழுதுகிறாள். அவன் அவள் கண் முன்னாலேயே உரக்கப் படித்துவிட்டு அருவருப்போடு போய்விடுகிறான். பிறகு ஓர் இரவு வந்து, அந்தக் கடிதத்தையே சாக்காக வைத்து அவளை அடித்துப் பலாத்காரம் செய்கிறான். நீ கேட்டதுதானே என்பது அவன் வாதம். அவள் வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். கடிதத்தில் இருந்ததும் அன்று நடந்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லை. பார்க்கக் கஷ்டமான படம். மனது தாங்கும் நாளில் மட்டும் பாருங்கள்.

படங்களிடம் எனக்குள்ள இன்னொரு வருத்தம், எல்லோருக்கும் ஒரு காயத்தை வைத்துவிடுகிறார்கள். கிறிஸ்டியனுக்குச் சிறுவயதுக் கொடுமை. எரிக்காவுக்கு மூச்சுமுட்ட வைக்கும் அம்மா. 2019இல் வந்த ஃபின்லாந்துப் படம் ‘டாக்ஸ் டோன்ட் வேர் பேன்ட்ஸ்’ நாயகனுக்கு மனைவி நீரில் மூழ்கி இறந்த துக்கம். ஏதோ உடைந்தவர்கள்தான் இதற்கு வருவார்கள் என்பது போல. மருத்துவ உலகமே அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, வேதனையோ தீங்கோ இல்லாத இந்த விருப்பங்களை நோயிலிருந்து பிரித்து வைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சடோ-மசாக்கிசம் என்ற பழைய தலைப்பே இல்லை, சம்மதமில்லாதவர் மீது செலுத்தும் வன்முறை கோளாறாக நீடிக்கிறது. என் கணவருக்கு இனிமையான குழந்தைப் பருவம்தான் வாய்த்தது. பகல் முழுக்க நூறு பேருக்கு முடிவெடுக்கிற வேலை, இரவில் முடிவெடுக்க வேண்டாத இரண்டு மணி நேரம் அவருக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் காரணம் எதுவும் தேவையில்லை. நிக்கோல் கிட்மன் நடித்த ‘பேபிகேர்ள்’ (2024) இந்த இடத்தில் கொஞ்சம் முன்னே போகிறது. அதில் கிட்மன் ஒரு நிறுவனத்தின் தலைமை அதிகாரி, அவருக்கு ஆணையிடுபவன் அங்கே பயிற்சிக்கு வந்த இளைஞன். முதல் ஹோட்டல் அறைக் காட்சியில் அவன் ஆணையிட்டுவிட்டு, அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறான். ஆரம்ப நாட்களில் எனக்கும் அப்படிச் சிரிப்பு வந்திருக்கிறது. ஆனால் தலைமை அதிகாரிக்கும் பயிற்சி ஊழியருக்கும் நடுவில், வேலை போய்விடும் என்ற மிரட்டல் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அதில் எவ்வளவு விளையாட்டு எவ்வளவு பயம் என்பதைப் படம் குழப்பமாகவே விட்டுவிடுகிறது.

‘செக்ரட்டரி’ (2002) பற்றி எனக்கு இரண்டு மனது. வேலைக்கு வந்த லீயின் தட்டச்சுப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுகிற வக்கீல், ஒருநாள் அவளை மேசை மேல் குனியச் சொல்லி அடிக்கிறார். முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை, முதலாளி வேறு. நிஜத்தில் ஓர் அலுவலகத்தில் இப்படி நடந்தால் அது குற்றம், இதில் சமாதானம் சொல்ல எதுவுமில்லை. அதே படம்தான் அடிபணிகிறவரின் சந்தோஷத்தைச் சந்தோஷமாகவே காட்டிய முதல் படம் எனக்கு. லீ திருத்தப்பட வேண்டிய பெண்ணாக முடிவதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, கல்யாண உடையோடு ஓடிவந்து, கைகளை மேசை மேல் வைத்தபடி நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டுகிறார், உடம்பிலுள்ள தழும்புகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் குளியலைத்தான் எங்கள் வட்டத்தில் ஆஃப்டர்கேர் என்கிறோம். எல்லாம் முடிந்தபின் போர்வை, தண்ணீர், ஏதாவது இனிப்பு, மடியில் ஒரு தலை. அடித்தவருக்கும் அது வேண்டும். கை நடுங்கும், தப்பாகச் செய்துவிட்டோமோ என்று மறுநாள்கூட மனது அடித்துக்கொள்ளும்.

இன்னொன்று கத்தரிக்கோல். கயிறு வருகிற எத்தனையோ படங்கள் உண்டு, பக்கத்தில் கத்தரிக்கோல் இருந்து நான் பார்த்ததில்லை. முனை மழுங்கிய, துணி வெட்டும் வகைக் கத்தரிக்கோல் எட்டும் தூரத்தில் இல்லாமல் நாங்கள் கயிற்றைத் தொடுவதில்லை. கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், கை மரத்துப்போகிறது என்றால் உடனே அவிழ்க்க வேண்டும், கட்டியபிறகு அவரைத் தனியே விட்டு அறையைவிட்டுப் போகவே கூடாது. கழுத்தை நெரிப்பதைப் படங்கள் ஏதோ முத்தம் மாதிரிக் காட்டுகின்றன. அதில் பாதுகாப்பான முறை என்று எதுவும் கிடையாது, உயிரே போயிருக்கிறது. தயவுசெய்து படம் பார்த்து அதைச் செய்யாதீர்கள்.

இதில் என்னை வருத்தப்படுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கேட்பதெல்லாம் படப்பிடிப்புத் தளத்தில் இப்போது நடக்கிறது. 2018இல் எச்பிஓ நிறுவனம் தன் நெருக்கமான காட்சிகள் அனைத்துக்கும் இன்டிமசி கோஆர்டினேட்டரை வைக்க முடிவெடுத்தது, பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். எங்கே தொடலாம், எங்கே கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்று நடிகர்களோடு முன்கூட்டியே பேசி வைப்பது அவருடைய வேலை. எங்கள் வட்டத்திலும் ஓர் அமர்வை ‘சீன்’ என்றுதான் சொல்வோம், அதற்கு முன்னால் இதே பேச்சுத்தான் பேசுவோம். கேமராவுக்குப் பின்னால் அவ்வளவு அக்கறையாகப் பேசிவிட்டு, கேமராவுக்கு முன்னால் பேசாமலே எல்லாம் தானாகப் புரிந்துவிட்டதாக நடிக்க வைக்கிறார்கள்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்ற கேள்விக்கு: பீட்டர் ஸ்ட்ரிக்லேண்ட் இயக்கிய ‘தி டியூக் ஆஃப் பர்கண்டி’ (2014). பட்டாம்பூச்சி ஆராயும் இரண்டு பெண்கள், படத்தில் ஆண்களே இல்லை. சைக்கிளில் வந்து இறங்கும் பணிப்பெண் எவலினிடம், தாமதமாக வந்திருக்கிறாய் என்று எஜமானி சிந்தியா எரிந்து விழுகிறாள். வேலை வாங்குகிறாள், தண்டிக்கிறாள். பார்க்கிற நமக்குக் கோபம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் அதே காட்சி மறுபடி வருகிறது, இம்முறை சிந்தியாவின் பக்கமிருந்து. விக் வைத்து, உடையைச் சரிசெய்து, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, சொல்ல வேண்டிய வசனங்களைச் சீட்டில் பார்த்துப் படித்துக்கொண்டு காத்திருக்கிறாள். சீட்டை எழுதிக் கொடுத்தது எவலின். அடிபணிகிறவள்தான் மொத்தக் கதையையும் எழுதுகிறாள். சிந்தியாவுக்கோ முதுகு வலிக்கிறது, பைஜாமாவைப் போட்டுக்கொண்டு தூங்கினால் போதும் என்றிருக்கிறது. அவர்களுடைய சேஃப்வேர்டு ‘பினாஸ்ட்ரி’, ஓர் அந்துப்பூச்சியின் பெயர். மனம் புண்பட்டிருக்கும் சிந்தியா ஒரு நாள், எவலின் அந்த வார்த்தையைச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்வதில்லை. படத்தில் ரத்தமோ அலறலோ கிடையாது, ஆனால் அந்த நிமிடத்தில்தான் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது.

நாங்கள் ஒன்றாக இருக்க ஆரம்பித்து ஏழாம் வருடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தோம். சிந்தியா கண்ணாடி முன் நின்று தண்ணீர் குடிக்கிற இடத்தில் என் கணவர் படத்தை நிறுத்தினார். “நீயும் இப்படி, மனசில்லாம தயாராகி நின்னுருக்கியா?” என்றார். என் எல்லைகளை யாராவது கேட்பார்கள் என்று எனக்கே தோன்றியிருக்கவில்லை. அதுவரை கேள்வி கேட்பது என் வேலை, பதில் சொல்வது அவர் வேலை. “நிறைய தடவை” என்றேன். மிச்சப் படத்தை மறுநாள்தான் பார்த்தோம். எங்களுக்குள் ஒரு நோட்டு உண்டு, வேண்டும், வேண்டாம், யோசிக்கலாம் என்று மூன்று பத்தி பிரித்து அவருடையதை எழுதி வைத்திருந்தோம். அன்று இரவு அவர் அந்த நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, மேலே என் பெயரை எழுதி, பேனாவை என்னிடம் நீட்டினார்.