ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறேன். ஒரு ஆயத்த ஆடை நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். சம்பளம் 24,000 ரூபாய். எழுபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். இரண்டாவது பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். "இரண்டாவது குழந்தைக்கு 12 வாரம்தான்" என்று அதற்கு மட்டும் சம்பளம் போட்டார்கள். விடுப்பு முடிந்து போன திங்கட்கிழமை வேலைக்குப் போனால், "உங்க இடத்துக்கு ஆள் போட்டாச்சு. ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு, 16,000 சம்பளத்துக்கு பேக்கிங்கில் புதுசா சேர்ந்துக்கங்க" என்கிறார் மேனேஜர். பையனுக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் குடிக்கிறான். "கிடைச்சதைப் பார்த்துக்கிட்டு கையெழுத்துப் போடு" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்? - வாசகி, சேலம்

பதில்: சகோதரி, வீட்டில் யார் சொன்னாலும் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளிலும் வேண்டாம். மகப்பேறு விடுப்பில் போனதைக் காரணமாக வைத்து ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்குவதும், விடுப்பில் இருக்கும்போது அவளுடைய பணி நிபந்தனைகளை அவளுக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம். 1961-ம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டம் கொடுத்த இந்தப் பாதுகாப்பு, 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. நிர்வாகத்துக்கும் இது தெரியும். அதனால்தான் உங்களை நீக்கவில்லை, நீங்களாகவே எழுதித் தரச் சொல்கிறார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் நீக்கம் என்ற பேச்சே எழாது. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு ஆண்டு முடித்திருக்கிறீர்கள். ஐந்து ஆண்டு தொடர் பணி இருந்தால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கான உரிமை வந்துவிடும். 26 வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பும் அந்தத் தொடர்ச்சியில் சேரும். "புதுசா சேர்ந்துக்கங்க" என்ற ஒரு வார்த்தை அந்த நான்கு ஆண்டையும் அழித்துவிடும்.

அடுத்து, பாக்கிச் சம்பளம். "இரண்டாவது குழந்தைக்கு 12 வாரம்" என்பது தவறு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உயிருடன் இருந்து, அதற்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்குத்தான் 12 வாரம். பிரசவ நாளாகச் சொன்ன தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். உங்களுக்கு அதில் சிக்கலே இல்லை. ஆக, 14 வாரச் சம்பளம் வர வேண்டியிருக்கிறது. இதில் ஞாயிறைக் கழிக்க முடியாது. தோட்டத் தொழிலாளியான ஒரு பெண்ணின் மகப்பேறுத் தொகை தொடர்பாக கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த 7 நாள்தான் என்று 1977-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஏற்காடு காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் உங்களுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். 14 வாரம் என்பது 98 நாள். மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்து நாளுக்கு 800 என்று வைத்தாலே 78,400 ரூபாய் வருகிறது. உங்கள் சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்ட வரம்புக்குள் நீங்கள் வரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இதைத் தர வேண்டியது நிறுவனம்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நாளைக் காலையும் வேலைக்குப் போங்கள். "அவங்களே வராம நின்னுட்டாங்க" என்று நிர்வாகம் பிறகு சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. உள்ளே விடாவிட்டால் அங்கே நின்று சண்டை போட வேண்டாம். திரும்பி வந்து அன்றைக்கே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் அனுப்புங்கள்: "மகப்பேறு விடுப்பு முடிந்து இந்தத் தேதியில் பணிக்கு வந்தேன். அனுமதிக்கப்படவில்லை. என் பழைய பணியில் தொடரத் தயாராக இருக்கிறேன். 14 வார மகப்பேறுத் தொகை பாக்கி உள்ளது." இவ்வளவு போதும், கோபமான வார்த்தை எதுவும் வேண்டாம். இதையே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, நிறுவன முகவரிக்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேனேஜர் அனுப்பிய பழைய மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள். நியமன உத்தரவு, விடுப்புக் கடிதத்தின் நகல், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், பையனின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

குழந்தைக்காகவும் தயங்காமல் கேளுங்கள். அவனுக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு முறை இடைவேளை உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அந்த 50-ல் ஆண்களும் அடக்கம். நாளுக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது மட்டும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். கணக்கு வேலைக்கு அது பொருந்தும் என்பதால் அதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம்.

பத்து நாளில் பதில் இல்லையென்றால் சேலத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பாக்கித் தொகையை வழங்க உத்தரவிடும் அதிகாரம் அங்கே இருக்கிறது. தள்ளிப்போட வேண்டாம். வேலையே போய்விட்டதாக நிலைமை வந்தால் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது.

வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். போகும்போது அந்த ஃபைலும் ஸ்பீடு போஸ்ட் ரசீதும் கையில் இருக்கட்டும். முடிந்தால் வீட்டுக்காரரையும் கூட அழைத்துப் போங்கள், அவரும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.