ரசீதில் இருப்பது எந்தப் பி.ஆர்?

கேள்வி: மகனைக் கனடாவுக்கு அனுப்ப யாழ்ப்பாண டவுனில் ஒரு ஏஜென்சியில் காசு கட்டினோம். ரசீதில் ‘பி.ஆர் – 150,000 ரூபா’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பி.ஆர் கிடைத்துவிடும் என்று நம்பலாமா? – ஒரு தாய், கோண்டாவில்.

அம்மா, அந்த ரசீதை வைத்து நம்பாதீர்கள். பி.ஆர் என்றதும் நமக்கு நிரந்தர வதிவிட உரிமைதான் நினைவுக்கு வரும். ஆனால் பொலிஸ் ரிப்போட்டையும் அதே இரண்டு எழுத்தில் சுருக்கிவிடலாம். நாளைக்கு நீங்கள் போய்க் கேட்டால், “பொலிஸ் ரிப்போட் எடுத்துத் தரத்தானே காசு வாங்கினோம்” என்று கையை விரிப்பார்கள். அந்த ரிப்போட்டுக்கு நீங்களே பொலிஸ் திணைக்கள இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்தல் செய்தியில் வரும் பி.ஆர் விகிதாசாரப் பிரதிநிதித்துவம். அது உங்களுக்கு வேண்டாம்.

கனடா பி.ஆரைக் கொடுப்பது கனடா அரசாங்கம் மட்டும்தான். எந்த ஏஜென்டும் அதை ‘எடுத்துத் தர’ முடியாது. விசிட் விசாவில் போனால் தானாகப் பி.ஆர் ஆகிவிடும் என்பதும் பொய். வேலைக் கடிதம் வாங்கினால் புள்ளி கூடும் என்று இப்போதும் லட்சக்கணக்கில் விற்கிறார்கள். பி.ஆருக்கு ஆட்களைப் புள்ளி போட்டுத் தெரிவு செய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அந்தப் புள்ளிகளை 2025 மார்ச் 25ஆம் திகதியே எடுத்துவிட்டார்கள்.

சுவரில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தொங்குகிறதா? அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு. காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு விண்ணப்பத்தைக் கையாள்பவர் அங்கத்தைய சட்டத்தரணியாகவோ, அங்கத்தைய குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் ‘கல்லூரி’ என்ற அமைப்பில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். ஆலோசகரின் பெயரை அந்தக் கல்லூரியின் இணையப் பதிவேட்டில் எவரும் தேடிப் பார்க்கலாம். இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை. கனடாவில் இத்தனை தமிழர் இருந்தும் படிவங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். பிறகு ஏஜென்டிடம் போகாமல் சனம் எங்கே போகும்?

ஒரு விதிவிலக்கு உண்டு. ரொறன்ரோவில் இருக்கும் மாமா காசு வாங்காமல் விண்ணப்பத்தைப் பார்த்துக் கொடுத்தால் அவருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் மகனின் பிரதிநிதியாக அவர் கனடா குடிவரவுத் திணைக்களத்தோடு பேசுவதென்றால், 5476 என்ற படிவத்தில் அவர் பெயரைப் போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். அதே மாமா “என் நேரத்துக்கு ஏதாவது தாங்கோ” என்று கேட்டால் விலக்கு அதோடு போய்விடும். மாமாவின் நண்பர் கேட்டாலும் அப்படித்தான். சொந்தக்காரர் என்பதால் விலக்கு வருவதில்லை, காசு வாங்காததால்தான் வருகிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: ‘பி.ஆர்’ என்ற இடத்தில் முழுச் சொல்லையும், என்ன வேலைக்கு எவ்வளவு என்பதையும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். விண்ணப்பம் போட்டாயிற்று என்றால், விண்ணப்ப இலக்கத்தோடு கனடா குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கு ஏஜென்டின் மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் மகனின் கைக்கு வர வேண்டும். எழுதித் தர மறுத்தால் மேலும் காசு கட்டாமல், மகனின் பாஸ்போர்ட்டையும் மூலப் பிறப்புச் சான்றிதழையும் அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டு, ரசீதோடு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள்.