கருவி செய்யும் வேலை

அன்புள்ள ஐயா,

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு ஒரு தனியார் நிறுவனத்தில் தரவு ஆய்வாளராக இருக்கிறேன். மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வானியல் நிலையம் இருக்கிறது. அங்கே பட்டதாரிப் பயிலுனர்களை எடுக்கிறார்கள். விண்வெளித் தரவுகளை ஆராய்வதற்கான மென்பொருட் கருவிகளை உருவாக்கும் வேலை. அறிவித்தலை வாசிக்கும்போது எனக்கென்றே எழுதியது போலிருந்தது. கடைசியில் உறுப்பு நாடொன்றின் குடியுரிமை வேண்டும் என்றிருந்தது. அன்றிரவு அழுதுவிட்டேன். என்னோடு படித்த ஒருவர், “அது விஞ்ஞானமே இல்லை, விஞ்ஞானிகளுக்குக் கருவி செய்து கொடுக்கிற வேலைதானே, அதற்கா இவ்வளவு கவலை” என்றார். யோசித்தால் அதுவும் சரியென்றே படுகிறது. இப்போது ஒரு வங்கியில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை வந்திருக்கிறது. வீட்டில் எடுக்கச் சொல்கிறார்கள். எடுப்பதா, வெளிநாட்டில் முதுமாணிப் படிப்புக்கு முயல்வதா?

ஒரு வாசகி,
வெள்ளவத்தை

அன்புள்ள பிள்ளைக்கு,

குடியுரிமை பற்றிப் பேச அதிகம் இல்லை. அந்த நிறுவனம் உறுப்பு நாடுகளின் பணத்தில் நடக்கிறது. பயிலுனர் இடங்களைத் தங்கள் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இலங்கை அதில் இல்லை. அழுததில் ஒரு குறையுமில்லை. ஆசைப்பட்டது கைக்கு எட்டாவிட்டால் அழுகை வரத்தான் செய்யும். அதை அத்தோடு விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். ‘அதுவும் சரியென்றே படுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே. நாலு வருஷம் பௌதிகவியல் படித்த பிள்ளை, ஆய்வுகூடத்தில் எத்தனை அளவீடுகளை எடுத்து எத்தனையை அழித்து எழுதிய பிள்ளை, இதை எப்படி ஒத்துக்கொள்ளலாம்? நண்பர் ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார். ஆறுதலுக்காக ஒரு பொய்யை ஏற்றுக்கொண்டால் அது பிறகு உங்களோடேயே தங்கிவிடும்.

ஒரு நட்சத்திரத்தின் கதையைச் சொல்கிறேன். 2009இல் நாசா ஏவிய கெப்லர் தொலைநோக்கி, வானத்தின் ஒரே பகுதியில் ஒன்றரை இலட்சம் நட்சத்திரங்களை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரும்பாலானவற்றின் பிரகாசத்தை ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு தடவை பதிந்தது. நட்சத்திரத்தின் முன்னால் ஒரு கிரகம் கடந்தால் வெளிச்சம் மிகக் கொஞ்சம் குறையும். நம் சூரியன் முன்னால் நம் பூமி கடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் குறைவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு தரவையும் ஆட்களை வைத்துப் பார்த்து முடியாது. அதனால் மென்பொருள் எழுதினார்கள். அதற்கு ஒரு விதி வைத்தார்கள்: ஒரே கால இடைவெளியில் மூன்று தடவையாவது ஒளி குறைந்தால் அதை எடுத்துவை.

நல்ல விதிதான். கெப்லர் தரவிலிருந்து ஆயிரக்கணக்கான கிரகங்கள் கிடைத்ததற்கு இப்படியான விதிகள்தான் காரணம். ஆனால் அந்த ஒன்றரை இலட்சத்தில் கே.ஐ.சி. 8462852 என்று எண்ணிட்ட ஒரு நட்சத்திரம் இருந்தது. 2011இல் ஒரு நாள் அதன் ஒளி 15 சதவீதம் குறைந்தது. 2013இல் 22 சதவீதம். இடைவெளியில் ஒழுங்கில்லை, குறையும் விதத்திலும் ஒழுங்கில்லை. அந்த விதியில் இதற்கு இடமே இல்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் பிளனட் ஹண்டர்ஸ் என்ற திட்டத்தில் சேர்ந்து, வீட்டிலிருந்தபடியே ஒளி வரைபுகளை ஒவ்வொன்றாகப் பார்த்த சாதாரண ஆட்கள். இது வித்தியாசமாக இருக்கிறது என்று குறித்து வைத்தார்கள். 2015இல் ஆய்வுக் கட்டுரை வந்தபோது உலகமே அந்த நட்சத்திரத்தைப் பற்றிப் பேசியது. தூசுதான் ஒளியை மறைக்கிறது என்பது இன்று வலுவான விளக்கம்.

இப்போது சொல்லுங்கள். மூன்று தடவை என்று வைத்தவர் யார்? இரண்டு போதாது, நான்கு வேண்டாம் என்று யார் தீர்மானித்தார்? எது தற்செயலான சலனம், எது செய்தி என்று கோடு கிழித்தவர் யார்? கருவி செய்தவர்தான். அவர் கிழித்த கோட்டுக்கு அப்பால் இருப்பதை, பிறகு வரும் எந்தப் பேராசிரியரும் பார்க்கப்போவதில்லை, யாராவது தரவுக்கே திரும்பிப் போனால் ஒழிய. படத்தில், விண்வெளியிலிருந்து வேகமாக வரும் துகளான காஸ்மிக் கதிர் பட்டு விழுந்த புள்ளியைத் துடைத்தெறிய நீங்கள் பத்து வரி நிரல் எழுதினால், ஒரு நட்சத்திரத்தின் உண்மையான திடீர்ப் பிரகாசத்தையும் அதே பத்து வரி துடைத்துவிடலாம். இதைத் தீர்மானிக்கப் பௌதிகவியல் தெரிந்த மூளை வேண்டாமா? 1999இல் செவ்வாயை அடைந்த வேளையில் ஒரு விண்கலம் தொலைந்தது. பூமியிலிருந்த மென்பொருள் ஒன்று பழைய பிரித்தானிய அலகில் கணக்கைக் கொடுத்தது, வாங்கிய பக்கம் அதை நியூட்டன்-செக்கன் என்ற மெட்ரிக் அலகு என்று எடுத்துக்கொண்டது. அந்த மென்பொருளையும் யாரோ ‘வெறும் கருவி’ என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

என் பெரியப்பா நில அளவைக் கணக்குப் போடுகிறவர். மடக்கை அட்டவணையும் பென்சிலும்தான் அவருடைய உலகம். உருக்கு நாடா வெயிலில் நீளும், அதனால் அளந்த தூரத்துக்குத் திருத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கணக்குப் போடாமல் இருக்க, அவரே கையால் ஒரு திருத்த அட்டவணை செய்து வைத்திருந்தார். அதன் அடியில் சின்ன எழுத்தில் நாலைந்து வரி இருக்கும். எந்த வெப்பநிலையை அடிப்படையாக எடுத்தது, நாடா நடுவில் தொய்வதைச் சேர்க்கவில்லை, இப்படி. ஓய்வு பெற்ற பிறகும் இளம் ஆட்கள் அந்த அட்டவணையோடு வெள்ளவத்தை வீட்டுக்கு வருவார்கள், கணக்கு ஒத்துவரவில்லை என்று. அடியில் இருப்பதை முதலில் சத்தமாக வாசி என்பார். பெரும்பாலும் அதிலேயே விடை இருக்கும். பெரியம்மா தேத்தண்ணி கொண்டு வந்தாலும் வாசித்து முடிக்கும்வரை குடிக்க விடமாட்டார். பிறகு அவரே பலகாரத் தட்டை நீட்டிச் சாப்பிடு தம்பி என்பார்.

நம்மவர்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. ஆங்கிலேயர் படையில் இருந்த ஜோன் வாரன் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணிதத்தைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே, 1825இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தொடக்கம் 4 நிமிஷம் பிசகியது, நடு 23 நிமிஷம், முடிவு 52 நிமிஷம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையும் வருத்தமும் சேர்ந்தே வரும். சந்திரனின் ஓட்டத்தை 248 வாக்கியங்களுக்குள் அடக்கிய மூளை எப்பேர்ப்பட்டது! எழுத்துக்கு எண் வைத்து, எண்ணைச் சொல்லாக்கி, நினைவில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். ஆனால் பலநூறு வருஷம் கழித்து அதைக் கையாண்டவருக்கு அதன் பின்னாலிருந்த கோட்பாடு தெரியாது. அந்த 52 நிமிஷத்தை அவரால் எப்படித் திருத்த முடியும்? ஏன் இப்படிச் செய்தோம் என்ற குறிப்பு கருவியோடு வந்து சேரவில்லை.

அதனால்தான் திறந்த மென்பொருளை நான் இவ்வளவு மதிக்கிறேன். அஸ்ட்ரோபை என்று பைதன் நிரல்மொழியில் ஒரு தொகுப்பு, 2011இல் தொடங்கியது, இன்று வானியலாளர்கள் பலருக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. ஒவ்வொரு வரியும் எல்லோர் கண்ணிலும் படும். அதைத் திருத்த யாரும் முன்வரலாம், கடவுச்சீட்டு கேட்கமாட்டார்கள். அதே ஐரோப்பிய நிறுவனத்தின் கையா விண்கலம் அளந்த ஏறத்தாழ 180 கோடி நட்சத்திரங்களின் தரவை 2022 ஜூனில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அந்தத் தரவுக் களஞ்சியம் இருப்பது நீங்கள் போக ஆசைப்பட்ட அதே நிலையத்தில். உங்கள் அலுவலகத்தில் தினமும் எழுதுகிற எஸ்.கியூ.எல். போன்ற மொழியில்தான் அதனிடம் கேள்வி கேட்க வேண்டும். கொழும்பு வானத்தில் வெளிச்சம் அதிகம், ஒன்றும் தெரியாது என்ற சாக்கும் இங்கே செல்லாது. இவ்வளவும் திறந்திருக்கையில் ஒரு விண்ணப்பப் படிவத்துக்காக உட்கார்ந்து கவலைப்படுகிறீர்கள்.

வங்கி வேலையைக் கேட்டிருந்தீர்கள். எடுங்கள். வீட்டுக்குப் பணம் வேண்டும், அதில் வெட்கம் என்ன? முதுமாணிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில்களைப் பாருங்கள், எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

அதற்கிடையில் சனி ஞாயிறில் ஒரு வேலை செய்யுங்கள். லைட்கர்வ் என்ற பைதன் கருவியை இறக்கி, நான் சொன்ன அந்த நட்சத்திரத்தின் தரவை எடுங்கள். ஒழுங்கில்லாமல் ஒளி குறைவதையும் பிடிக்கிற ஒரு விதியை நீங்களே எழுதுங்கள். பிறகு வேறு நூறு நட்சத்திரங்களில் அதை ஓட்டிப் பாருங்கள். எதையெல்லாம் உங்கள் விதி தள்ளிவிடுகிறது, ஏன் தள்ளுகிறது என்று நிரலின் அடியில் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். உயர்தர வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளைக்கும் விளங்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்.