கணவர் இறந்தபோது கருவிலிருந்த குழந்தைக்குச் சொத்தில் பங்கு உண்டா?

கேள்வி: என் தங்கையின் கணவர் இரண்டு மாதங்களுக்கு முன் சாலை விபத்தில் இறந்துவிட்டார். தங்கை இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. இதுதான் முதல் குழந்தை. கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடும் ஒரு மனையும் அவர் பெயரில் உள்ளன. உயில் எழுதவில்லை. நாங்கள் இந்துக்கள், அவருடைய அப்பா, அம்மா இருவரும் இருக்கிறார்கள். பிறக்காத பிள்ளைக்குப் பங்கு கிடையாது என்று சொல்லி, மனைவி, தாய் இருவர் பெயரில் மட்டும் வாரிசுச் சான்று வாங்க முயன்றுகொண்டே, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையிடம் கையெழுத்துக் கேட்கிறார் கணவரின் அண்ணன். கருவே வேண்டாம் என்று வற்புறுத்தும் உறவினர்களும் இருக்கிறார்கள். தங்கை என்ன செய்ய வேண்டும்?
— தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: குழந்தை பிறக்கும் வரை உங்கள் தங்கை எந்தப் பத்திரத்திலும், எந்த வெற்றுத்தாளிலும் கையெழுத்திட வேண்டாம். கணவரின் அண்ணன் சொல்வது சட்டப்படி தவறு. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. உயில் எழுதாமல் ஒருவர் இறக்கும்போது கருவில் இருந்து, பின்னர் உயிருடன் பிறக்கும் குழந்தைக்கு, அவர் இறப்பதற்கு முன்பே பிறந்திருந்தால் என்ன உரிமை கிடைத்திருக்குமோ அதே உரிமை உண்டு என்றும், அந்த உரிமை அவர் இறந்த நாளிலிருந்தே குழந்தையைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்றும் அப்பிரிவு கூறுகிறது.

அதனால் கருவை நம் சட்டம் முழு மனிதராக ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருளில்லை. தாயின் வயிற்றிலுள்ள சிசுவின் மரணத்தை விளைவிப்பது கொலைக்குற்றங்களின் கணக்கில் வராது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 100-ஆவது பிரிவின் விளக்கம் கூறுகிறது. கருச்சிதைவுக் குற்றங்களுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. சொத்து விஷயத்தில் சட்டம் செய்வது வேறு. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஓர் இடத்தை ஒதுக்கி வைத்து, உயிருடன் பிறந்தால் அந்த இடத்தை முன்தேதியிட்டு உறுதி செய்கிறது. உயிருடன் பிறக்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான் உங்கள் தங்கையின் வழக்கு முழுவதும் சுழல்கிறது.

சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, தாய், குழந்தை மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் நால்வருக்கும் நாலில் ஒரு பங்கு. மாமனார் இரண்டாம் வகுப்பு வாரிசு என்பதால், முதல் வகுப்பில் ஒருவர் இருக்கும்வரை அவருக்குப் பங்கு வராது, அண்ணனுக்கும் அப்படியே. பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டு நிற்பவருக்கு இந்தச் சொத்தில் உரிமையே இல்லை என்பதைத் தங்கைக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்தில் கணவருக்குப் பங்கு இருந்தால் அதன் கணக்கு வேறு. மூலப்பத்திரங்களுடன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தே அதைத் தீர்மானிக்க வேண்டும். ஆனாலும் கருவிலுள்ள பிள்ளைக்குப் பங்கு ஒதுக்காமல் செய்த பாகப்பிரிவினையைப் பின்னர் மறுபடி திறக்க முடியும் என்ற கொள்கை இந்துச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ளது.

பலரும் கவனிக்காத, ஆனால் மிக முக்கியமான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கேட்பதற்கு வேதனையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தை உயிரற்றுப் பிறந்தால், அதற்குப் பங்கு தோன்றியதே இல்லை. மனைவிக்கும் தாய்க்கும் பாதிப் பாதி. குழந்தை உயிருடன் பிறந்து ஒரு மணி நேரமே வாழ்ந்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்கு அதன் பெயரில் நிலைபெற்று, பிறகு அந்தக் குழந்தையின் வாரிசுகளுக்குப் போகும். ஆண் குழந்தையானால் அதன் முதல் வகுப்பு வாரிசு தாய் மட்டுமே. ஆகவே உங்கள் தங்கைக்கு மொத்தம் மூன்றில் இரண்டு பங்கு சேரும். பெண் குழந்தையானால், தந்தையிடமிருந்து வந்த சொத்து தந்தையின் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும் என்று 15(2) பிரிவு சொல்வதால், அந்தப் பங்கு தங்கைக்கும் மாமியாருக்கும் சமமாகப் பிரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இப்படி ஒரு வேறுபாடு இன்னும் சட்டத்தில் நிற்பது நியாயமல்ல என்பது என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் இதுதான். இவ்வளவு பெரிய வேறுபாடு உயிருடன் பிறந்ததா என்ற ஒரு குறிப்பில் அடங்கியிருப்பதால், பிரசவம் மருத்துவமனையில் நடப்பதும், குழந்தை உயிருடன் பிறந்த செய்தி நேரத்துடன் மருத்துவப் பதிவேட்டில் ஏறுவதும், பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வதும் மிக அவசியம்.

நாளைக்கு யாரேனும் குழந்தையின் தந்தை யார் என்று கேள்வி கிளப்பக்கூடும் என்று தங்கை அஞ்சினால், அதற்கும் சட்டம் அரணாக நிற்கிறது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 116-ஆவது பிரிவின்படி (பழைய சாட்சியச் சட்டத்தில் 112), செல்லுபடியாகும் திருமணம் நிலவும்போதோ, அது முடிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் 280 நாட்களுக்குள்ளோ பிறக்கும் குழந்தை அந்தக் கணவருடையது என்பது முடிவான சான்றாகும். தம்பதியர் கூடி வாழ வாய்ப்பே இல்லாதிருந்தது என்று நிரூபித்தால்தான் அதை அசைக்க முடியும். தங்கையின் பிரசவம் இந்த வரம்புக்குள் நன்றாகவே வருகிறது.

விடுதலைப் பத்திரத்தில் தங்கை கையெழுத்திட்டால் அவருடைய மூன்றில் ஒரு பங்குதான் போகும். குழந்தையின் பங்கை அந்தக் கையெழுத்து தொடாது. அது ஆறுதல் இல்லை, ஏனென்றால் தங்கையின் பங்கு போய்விட்டால் குழந்தையை வளர்க்க வேண்டியவரின் கை வெறுங்கையாகிவிடும். குழந்தை பிறந்த பிறகு தாயே இயற்கைக் காப்பாளர். அப்போதும் மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றால், பிள்ளை 18 வயது நிரம்பியதிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். இது தெரிந்த எவரும் இந்த வீட்டை விலைக்கு வாங்கத் தயங்குவார்கள். அவசரமாகப் பத்திரம் கேட்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வாரிசுச் சான்று விஷயத்தில் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உள்ளது. வட்டாட்சியருக்கு எழுத்துமூலம் ஓர் ஆட்சேபணை மனு கொடுத்து, தான் கர்ப்பிணி என்பதையும், பிரசவத்துக்குப் பிறகே சான்று வழங்க வேண்டும் என்பதையும் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அதனுடன் ஸ்கேன் அறிக்கை, தாய் சேய் நல அட்டை ஆகியவற்றின் நகலை இணைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்து பெறும் பிக்மி எண் பிறப்புச் சான்றிதழுக்கும் தேவைப்படும்; அதை இன்னும் வாங்கியிருக்காவிட்டால் தாமதிக்க வேண்டாம். மனு கொடுத்த பின்னும் வீட்டை விற்கவோ பட்டா மாற்றவோ முயன்றால், தன் பங்கின் அடிப்படையிலேயே தங்கை உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம். செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

கரு வேண்டாம் என்று வற்புறுத்துபவர்களைப் பற்றி: அந்த முடிவு உங்கள் தங்கையுடையது, அவருடையது மட்டுமே. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வயதுவந்த பெண்ணின் சம்மதம் ஒன்றைத்தான் கேட்கிறது. மாமனார், மாமியார், மைத்துனர், ஏன், உடன்பிறந்த அக்காவின் சம்மதம்கூட அதில் இல்லை. அவர் சம்மதமின்றிக் கருச்சிதைவு செய்விப்பவருக்கு ஆயுள் தண்டனை வரை, அல்லது 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-ஆவது பிரிவு கூறுகிறது. மறுபக்கம், தங்கை தாமாகவே தொடர விரும்பவில்லையென்றால், பிள்ளைக்குச் சொத்து வரும் என்ற காரணத்தைக் காட்டி அவரைத் தடுக்கவும் யாருக்கும் உரிமையில்லை. கர்ப்பத்தின்போது கணவரை இழந்த பெண்களை, இரண்டு மருத்துவர்களின் கருத்துடன் 24 வாரம் வரை கலைக்க அனுமதிக்கப்படும் பிரிவினருள் 2021-ஆம் ஆண்டின் விதிகள் சேர்த்துள்ளன. ஐந்து மாதம் ஆகிவிட்டதால், அவர் அப்படி எண்ணினால் காலம் மிகக் குறைவு. இரண்டில் எதை அவர் தேர்ந்தாலும் நீங்கள் அவருடன் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லி யாராவது தொந்தரவு செய்தால், 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம்; உயிருடன் இருக்கும் மகனுக்கும் மகளுக்கும் இந்தச் சொத்தில் பங்கு ஒன்றே என்பதால் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

கடைசியாக விபத்து இழப்பீடு. நீங்கள் கேட்காவிட்டாலும், இதில் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். குழந்தை பிறக்கட்டும் என்று இதற்குக் காத்திருக்கக் கூடாது. மனுவிலேயே கர்ப்பத்தைக் குறிப்பிட்டுவிட்டு, பிறந்த பிறகு குழந்தையையும் மனுதாரராகச் சேர்க்கலாம். சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்த கணக்கின்படி, சார்ந்திருப்போர் இருவர் அல்லது மூவரானால் இறந்தவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கும், நால்வர் முதல் அறுவர் வரையானால் நாலில் ஒரு பங்கும் அவருடைய சொந்தச் செலவாகக் கழிக்கப்படும். அதனால் குழந்தை கணக்கில் வருவது மொத்தத் தொகையையே கூட்டக்கூடும். குழந்தையின் பங்கைத் தீர்ப்பாயம் வழக்கமாக அது வயதுக்கு வரும் வரை வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்கச் சொல்லும். வளர்ப்புச் செலவுக்கு வட்டியை எடுக்க அனுமதிக்கும்படி தங்கை அந்த மனுவிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.